சுத்தம் பண்ணிக் கொடுத்தது

அந்த வீட்டில் கடைசியாக நடந்த சாதாரணக் காரியம், நாய்க்காரர் சமையல் மேடை முன்னால் நின்று ஆட்டு நுரையீரலைப் பொடிப்பொடியாக நறுக்கியதுதான். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த சாயங்காலம். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டி விட்டிருந்தார். பின்னால் மோப்பி உட்கார்ந்திருந்தது. வாலை ஆட்டாது, குரைக்காது, கத்தி போகிற பக்கம் கண்ணை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும். வாயோரம் ஒரு சொட்டு எச்சில் நூல் போல இறங்கித் தரையைத் தொட்டது.

"கல்யாணம் ஆகி இத்தன வருஷத்துல பெண்டாட்டிக்கு ஒரு வெங்காயம் நறுக்கிக் குடுத்திருப்பியாடா?" என்றாள் அவருடைய அக்கா. கூடத்துத் தரையில் கால்நீட்டிப் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவ நல்லா மோப்பம் பிடிச்சா அவளுக்கும் நறுக்கறேன்."

தையல் மிஷினை மிதித்துக்கொண்டே அவர் மனைவி சொன்னாள்: "நான் பிடிச்சு வச்சிருக்கிற மோப்பத்த எல்லாம் வெளிய சொன்னா உங்க தம்பி இந்நேரம் ஊர விட்டே ஓடியிருப்பாரு அண்ணி."

நாத்தனார் பயறுத் தட்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கத்தியைப் பிடித்தபடியே அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். அப்போது அந்த வயிற்றைப் பற்றி யாருக்கும் எந்த எண்ணமும் இல்லை.

நாய்க்காரர் என்பது ஆய்வு நிலையத்தில் அவருக்கு வைத்த பெயர். ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் இருந்தது அந்த நிலையம். காட்டில் திரியும் நரிகளுக்கும் ஓநாய்களுக்கும் குடலில் இருக்கிற ஒரு நாடாப்புழுவைப் பற்றி அங்கே ஆராய்ந்தார்கள். நரியைப் பிடித்து வைத்துப் பார்க்க முடியாது. அது போகிற வழியில் போட்டுவிட்டுப் போகிற எச்சத்தைத்தான் பார்க்க முடியும். மலையில் அதைத் தேடுவது வைக்கோல் போரில் ஊசி தேடுகிற வேலை. அதற்காகப் பழக்கப்படுத்திய நாய் மோப்பி. எச்சம் கிடைத்தால் தொடாமல் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். அவர் கையுறை போட்டு, அதைப் பையில் இட்டுக் கட்டி, இடுப்புப் பையிலிருந்து ஒரு நுரையீரல் துண்டு எடுத்து மோப்பிக்குக் கொடுப்பார். அதுதான் அதற்குக் கூலி. அந்த இடுப்புப் பையையும், எச்சம் போடுகிற கித்தான் பைகளையும் அவர் மனைவிதான் தைத்துக் கொடுத்தாள்.

முதலில் வேகவைத்துத்தான் கொடுத்துப் பார்த்தார். வெந்த துண்டை நீட்டினால் மோப்பி, மரியாதை குறைந்த சம்பந்தி போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. பச்சையாகக் கொடுத்தால் மலையையே புரட்டிப் போட்டது.

"நாடாப்புழு, நாடாப்புழுன்னு வருஷக்கணக்கா அலையறானே, ஒரு பாவாடை நாடாவத் தொலைச்சவ கூட இப்படித் தேட மாட்டா" என்பாள் நாத்தனார்.

"அக்கா, பேருதான் நாடா. ஆள் ஒரு எள்ளு அளவுதான். நொய்யரிசியப் பாதியா உடைச்சா எப்படி இருக்கும், அவ்வளவுதான்."

"அந்த எள்ளுக்கா இத்தன பேர் சம்பளம் வாங்கறீங்க? அப்ப எண்ணெய் எடுக்காம விடாதீங்கடா."

அவருக்கு அந்தப் புழுவைப் பற்றி நன்றாகவே தெரியும். நாய்க் கூட்டத்தைச் சேர்ந்த எதன் குடலிலும் அது இருக்கும். முட்டைகள் எச்சத்தோடு புல்லில் விழும். புல்லை மேய்கிற செம்மறிக்கோ மானுக்கோ அது ஈரலிலும் நுரையீரலிலும் போய் நீர்க்குமிழாக வளரும். குமிழுக்குள் தூசி மாதிரி ஆயிரம் புழுத்தலைகள். குமிழைத் தின்கிற நரிக்குள் மறுபடி புழுவாகும். இந்தச் சுற்றில் மனிதனுக்கு இடம் இல்லை. முட்டை தெரியாமல் வாய்க்குள் போனால் மட்டும், பந்திக்கு அழைக்காமல் வந்து உட்கார்ந்தவன் மாதிரி மனிதன் நடுவில் மாட்டிக்கொள்வான். அவனுக்குள்ளும் குமிழ் வளரும். சத்தம் இல்லாமல், வலி இல்லாமல், வருஷக்கணக்கில்.

இதெல்லாம் தெரிந்ததால்தான் அவர் அத்தனை கவனமாக இருந்தார். காட்டுச் செருப்பை நிலையத்திலேயே விட்டுவிட்டு வருவார். குளித்துவிட்டுத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தொடுவார். மலைக்குப் போகிற மாதங்களில் மோப்பிக்குத் தவறாமல் புழு மாத்திரை. மழைக்காலத்தில் மலை வேலை இல்லை. அப்போது நாய் வீட்டில் இருக்கும், மூக்கு மழுங்கிவிடக் கூடாது என்று தோட்டத்திலேயே பழக்குவார், நுரையீரல் நறுக்குவார். மாத்திரை கிடையாது. காட்டுக்குப் போகாத நாய்க்குக் காட்டுப் புழு எங்கிருந்து வரும் என்று அவரும் நினைத்தார், நிலையத்தில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். மழைக்காலம் முழுக்க மோப்பி அவர் கையை நக்கும். அந்தக் கையாலேயே அவர் ரொட்டி பிய்த்துத் தின்பார்.

அந்தச் சாயங்காலத்துக்கு மறுநாள் நிலையத்தில் ஸ்கேன் எடுக்கிற நாள். மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கிற குடும்பங்களை எல்லாம் வரவழைத்து, வயிற்றில் குமிழ் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத கூட்டம் ஒன்று வேண்டும் என்று நிலையத்து ஆட்களையும் படுக்க வைத்தார்கள்.

"நாங்கதான் நல்ல கூட்டம். எங்களப் பார்த்துத்தான் மத்தவங்க கெட்டுப்போனதக் கண்டுபிடிக்கணும்" என்று சொல்லிச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

திரும்பி வந்தபோது செருப்பைக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்துவிட்டார். அதைப் பார்த்ததுமே மனைவியின் கால் தையல் மிஷின் மிதியில் நின்றுவிட்டது.

"என்னங்க?"

"ஒரு டம்ளர் தண்ணி குடு."

குடித்தார். டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போலக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்குள்ள ஒண்ணு இருக்குடி. ஈரல்ல. பெருசு."

வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். இரண்டு உள்ளங்கையும் சேர்ந்தால் வருகிற அளவு. ஈரலின் மேல்பக்கமாக இருக்கிறதாம். சுவர் மெல்லிசாக இருக்கிறதாம்.

நாத்தனாருக்கு முதலில் புரியவில்லை. "நீர்க்கட்டிதானேடா? ஊசிய விட்டு உறிஞ்சி எடுத்தா ஆச்சு. எதுக்கு இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு நிக்கற?"

"ஊசியே படக்கூடாதாம் அக்கா. உள்ள உடைஞ்சா அந்தத் தண்ணியே விஷம்."

பயறு பொறுக்குகிற கை அப்படியே நின்றது. கல்லூரியிலிருந்து வந்த மகள் வாசலில் நின்று, மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள். அன்று முதல் அந்த வீட்டில் எதையும் யாரும் சத்தம் வரக் கீழே வைக்கவில்லை.

அறுவை டாக்டர் நிதானமானவர். உடனே கத்தி வைக்க முடியாது, சில வாரம் மாத்திரை போட்டுப் புழுத்தலைகளைச் சாகடித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்றார். அதுவரைக்கும் பாரம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, இருமல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும், வயிற்றில் எதுவும் இடிக்கக் கூடாது.

"உடைஞ்சா எங்களுக்கு எப்படித் தெரியும் டாக்டர்?" என்று கேட்டது மனைவிதான்.

"வலிக்கும். ஆனா சில பேருக்கு வலிக்கு முன்னாடி அரிப்பு வரும். உள்ளங்கை, உள்ளங்கால், அப்புறம் உடம்பெல்லாம். தடிப்புத் தடிப்பா எழும்பும். மூச்சு முட்டும். அரிப்புன்னு சொன்னதும் கிளம்பிடுங்க. யோசிக்காதீங்க."

அரிப்பு. வேறு எந்த நோய்க்கும் இப்படி ஓர் அற்பமான அடையாளம் இருந்திருக்காது. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். ரத்தம் என்றால் கண்ணால் பார்க்கலாம். அரிப்பை எப்படிக் காவல் காப்பது? ஒரு மனிதன் ஒரு நாளில் எத்தனை தடவை சொறிந்துகொள்கிறான் என்று அவள் அதற்கு முன் கவனித்ததே இல்லை. காதைச் சொறிவார். பிடரியைச் சொறிவார். யோசிக்கும்போது முழங்கையைத் தேய்ப்பார். ஒவ்வொன்றுக்கும் அவள் கைவேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள். மிஷினை மிதித்தால் அந்தச் சத்தத்தில் அவர் சொறிவது கேட்காதே என்று தைப்பதையே நிறுத்திவிட்டாள். பாதி தைத்த கித்தான் பை ஊசிக்கு அடியில் அப்படியே கிடந்தது.

மேஜை முனைகளுக்கெல்லாம் மகள் துணி சுற்றிக் கட்டினாள். குளியலறைத் தரையில் கோணி விரித்தார்கள். அவர் எழுந்தால் மூன்று பேரும் எழுந்தார்கள். அவர் உட்கார்ந்தால் மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

"என்னமோ என்னய முட்டைக் கூடை மாதிரி பார்க்கறீங்களே" என்றார் ஒரு நாள்.

"முட்டைன்னா பரவாயில்லடா, உடைஞ்சா ஆம்லெட்டாவது..." நாத்தனார் ஆரம்பித்தாள்.

"அத்த!" என்றாள் மகள். "அப்பாவச் சிரிக்க வைக்காதீங்க."

நாத்தனார் வாயை மூடிக்கொண்டாள். பேச்சுக்குப் பேச்சு வேடிக்கை சொல்லாமல் இருக்கத் தெரியாதவள், வாயைத் திறந்தால் எங்கே ஒன்று நழுவிவிடுமோ என்று தம்பி இருக்கிற அறைக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். வந்தாலும் முந்தானையை வாயில் வைத்தபடி நிற்பாள். பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஒரு மத்தியானம் படுத்திருந்தவர் "சே" என்று எழுந்து முன்னங்கையைப் பரக் பரக்கென்று சொறிந்தார். அடுப்படியிலிருந்து அவள் ஓடி வந்தாள். மகள் தட்டைப் போட்டுவிட்டு வந்தாள். நாத்தனார் வாசலுக்கு ஓடி, பக்கத்து வீட்டு வேன்காரனை அடித்தொண்டையில் கூப்பிட்டாள். கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால் ஒரே ஒரு தடிப்பு, நடுவில் சிவப்புப் புள்ளி. கொசு.

வேன்காரன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்து நின்றான்.

"கொசுண்ணே" என்றாள் மகள்.

"கொசுவையா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்?"

யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சங்கடமாகிவிட்டது. போகும்போது, "எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்கக்கா, சாவிய வண்டியிலயே விட்டு வைக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். அன்றைக்கே மகள் ஜன்னல்களுக்கெல்லாம் வலை அடித்தாள். ஆணி அடிக்கிற சத்தத்தில் அவர் அதிர்ந்துவிடக் கூடாது என்று அவரைத் தெருக்கோடி வரை நடக்க வைத்துக்கொண்டிருந்தாள் அவள். வேன்காரன் சொன்னபடி சாவி வண்டியிலேயே இருந்தது. ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டாள்.

மோப்பியை நிலையத்து மேடம் முதல் நாளே வந்து கூட்டிக்கொண்டு போயிருந்தார். ஆராய்ச்சியை நடத்துகிறவர் அவர்தான். கால்நடை டாக்டர். குட்டையான உருவம், வேகமான நடை. சில நாள் கழித்து வந்தபோது அந்த நடையில் வேகம் இல்லை. நாய்க்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். மேடம் அடுப்படியிலேயே ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"மோப்பிக்கு இருக்கு" என்றார். "குடல் முழுக்க."

"காட்டுலேர்ந்து வந்ததா மேடம்?"

"எச்சத்த மோந்தா நாய்க்கு இது வராதும்மா. நக்கினாலும் வராது. குமிழத் தின்னாத்தான் வரும். அதத்தான் யோசிச்சு யோசிச்சுப் பார்க்கறேன். அது என்ன தின்னுது?"

அவள் சமையல் மேடையைப் பார்த்தாள். கத்தி அதன் இடத்தில் இருந்தது.

"நுரையீரல்தான். ஆனா அவரு பார்த்துத்தான் வாங்குவாரு மேடம். ஒரு குமிழ் இருந்தாக்கூட அவருக்குத் தெரியாதா? நான் ஒரு நாளும் பார்த்ததில்ல."

"எந்தக் கடை?"

இரண்டு பேரும் நடந்தே போனார்கள். கறிக்கடை சந்தைக்குப் பின்பக்கம். கடைக்காரர் வயசானவர், வாய் நிறைய மரியாதை. அவளைப் பார்த்ததும் கத்தியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"வாங்கம்மா. அவருக்கு எப்படி இருக்கு? கேள்விப்பட்டதுலேர்ந்து சோறு இறங்கல எனக்கு."

மேடம் கேட்டார்: "நுரையீரல்ல தண்ணிக் குமிழ் வருமா பெரியவரே?"

"வராம என்ன? மலை ஆடுன்னா பாதிக்குப் பாதி இருக்கும். பட்டாணி மாதிரி, கோலி குண்டு மாதிரி. சில நேரம் பெருசாவும்."

"அத என்ன பண்ணுவீங்க?"

கடைக்காரர் முகத்தில் ஒரு பெருமை வந்தது. அந்தப் பெருமையைத்தான் அவளால் பிற்பாடு எந்தக் காலத்திலும் மறக்க முடியவில்லை.

"மத்தவங்களுக்கு அப்படியே தூக்கிப் போடுவேம்மா. நாய்க்குத்தானே. ஆனா அவருக்கு அப்படிக் குடுக்க மனசு வருமா? எம்மேல எவ்வளவு பிரியமா இருக்கிற மனுஷன்! அவருக்குன்னா ஒவ்வொரு குமிழா ஊசியால குத்தி, தண்ணிய வடிச்சு, தோல உரிச்சு எடுத்து, நல்லா அலசித்தான் குடுப்பேன். ஒரு அழுக்கு இருக்காது. சுத்தம் பண்ணித்தாம்மா குடுத்தேன்."

மேடம் கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டார். குமிழைக் குத்தினால் உள்ளே இருக்கிற புழுத்தலைத் தூசி கறி முழுக்கப் பரவும். பார்த்தால் தெரிகிற ஒரே அடையாளத்தை எடுத்துவிட்டு, பார்த்தால் தெரியாத விஷத்தை அத்தனை துண்டிலும் தடவிக் கொடுத்திருக்கிறார் அந்த மனிதர். மழைக்காலம் தோறும். பிரியத்தோடு.

"ஏம்மா, ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்றார் கடைக்காரர்.

அவளுக்கு அந்தக் கத்தியை எடுத்துப் பலகையில் ஓங்கிக் குத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் கை எழவில்லை. அவளும்தானே அந்தத் துண்டுகளை எத்தனையோ தடவை பாத்திரத்திலிருந்து பைக்கு மாற்றியிருக்கிறாள். எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, நமக்கு விற்கிற கறி கூட இப்படி இருப்பதில்லையே என்று அவளே சொல்லியிருக்கிறாள். மேடம்தான் கடைக்காரரை உட்கார வைத்து, மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். பாதியிலேயே அவர் இரண்டு கையையும் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மேல்பக்கம், உள்பக்கம், மறுபடி மேல்பக்கம்.

வீட்டில் அவரிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தாள். முகத்தைப் பார்த்தே அவர் கேட்டுவிட்டார். சொன்னாள்.

அவர் கூரையைப் பார்த்தார். "நான்தான் சொன்னேன்" என்றார். "ஆரம்பத்துல ஒரு தடவ, பார்க்க நல்லா இருக்கிறதாக் குடுங்கன்னேன். குமிழ் இல்லாததக் குடுங்கன்னு அர்த்தத்துலதான் சொன்னேன். அவரு அத இப்படிப் புரிஞ்சிக்கிட்டாரு."

"அவரச் சும்மா விடச் சொல்றீங்களா?"

"சும்மா விடு. என் மேல பிரியம் இல்லாதவனா இருந்திருந்தா குமிழோட குடுத்திருப்பான். நான் பார்த்துத் தூக்கி எறிஞ்சிருப்பேன்." கொஞ்சம் கழித்து, "புள்ளைய ஸ்கேன் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

அதுதான் இரண்டாவது பயம். முதல் பயம் வீட்டை அடைத்துக்கொண்டு நின்றதால் அது இதுவரை வாசலில் காத்திருந்தது. அதே வீடு, அதே தட்டு, அதே நாய். மூன்று பேரும் ஸ்கேன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மகள் உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. உள்ளே ஸ்கேன் எடுக்கிற பெண் ஏதோ கேட்கிற குரல். பிறகு நிசப்தம். நிசப்தம் நீளுகிறதே, எதையோ பார்த்துவிட்டாள், திரும்பத் திரும்ப அதே இடத்தில் வைத்துப் பார்க்கிறாள் என்று அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 

மகள் வயிற்றுப் பசையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். "ஒண்ணும் இல்லம்மா. அந்த அக்காவுக்கு அடுத்த மாசம் கல்யாணமாம். அதச் சொல்லிட்டிருந்தாங்க."

நாத்தனாருக்கும் ஒன்றும் இல்லை. அவளுக்கும் ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது இல்லை என்றுதான் சொல்ல முடியும், வருஷா வருஷம் வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். வெளியே வந்து வெயிலில் நின்றபோது அவளுக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. அடுத்த கணமே அந்தச் சந்தோஷத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை.

வாரங்கள் நகர்ந்தன. மாத்திரையில் அவருக்கு முடி கொட்டியது, வாய் கசந்தது, கஞ்சி மட்டும் இறங்கியது. ஆனாலும் அறுவைக்கு நாள் குறித்தாகிவிட்டது. நாளை காலை போய்ப் படுக்க வேண்டும் என்ற நிலை வந்தபோது வீட்டில் கொஞ்சம் காற்று வந்த மாதிரி இருந்தது. கரை தெரிந்துவிட்டது, இன்னும் ஒரு பகல்தான்.

அன்று முற்பகல் கூடத்துக் கட்டிலில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் பை அடுக்கினாள். நாத்தனார் துணி மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பின்பக்கம் முடிச்சுப் போடுகிற அங்கி கொடுப்பார்கள், உள்ளாடை வேண்டாம் என்றார் அவர்.

"பின்னால முடிச்சா?" நாத்தனார் தன்னை மறந்துவிட்டாள். "அப்ப நல்ல நாடாவாப் பார்த்துக் கட்டச் சொல்லுடா. காலம் பூரா நாடாவத் தேடினவன், கடைசியில நாடா அவுந்து நடு வார்டுல நின்னான்னு பேரு வரப்போகுது."

அவர் சிரித்தார். வெகு நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு. வாயால் தொடங்கி, அடக்கப் பார்த்து, முடியாமல் தோள் வரை குலுங்கியது. சட்டென்று வலது பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

மூன்று பேரும் அசையவில்லை.

"ஒண்ணும் இல்ல. சுளுக்கு மாதிரி. போயிடுச்சு." நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பயந்தாங்கொள்ளிங்களா, டீ போடுங்க" என்றார்.

அவள் அடுப்படிக்குப் போனாள். தண்ணீர் கொதிக்கிற சத்தத்தையும் மீறிக் காது கூடத்திலேயே இருந்தது. மகள் பையின் ஜிப்பை இழுத்தாள். நாத்தனார் மடித்த துணியையே மறுபடி மடித்தாள். அடுப்படியிலிருந்து அவள் டீயை ஆற்றிக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்க நீட்டிய கை பாதியில் நின்றது. இடது கையின் நகங்கள் வலது உள்ளங்கையை மெதுவாகத் தேய்த்தன. மெதுவாகத்தான். தூசு தட்டுகிறவர் மாதிரி.

அவர் தம் கையைக் குனிந்து பார்த்தார். அப்புறம் அவளைப் பார்த்தார். அந்தக் கண்களில் அவள் பார்த்தது வலி இல்லை. காட்டில் மோப்பி போய் உட்கார்ந்ததும் அவருக்கு வருமே, கண்டுபிடித்துவிட்டோம் என்ற ஒரு நிச்சயம், அது.

"அரிக்குதுடி" என்றார்.

டம்ளர் எங்கே விழுந்தது என்று தெரியாது. வேன் சாவி சொன்ன இடத்தில் இருந்தது. வேன்காரன் வெறுங்காலோடு ஓடிவந்து ஏறினான். பின்சீட்டில் அவர் தலை அவள் மடியில். கழுத்திலும் மார்பிலும் தடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து வரைபடம் மாதிரிப் பரவின. உதடு வீங்கியது. அவள் பெயரைச் சொல்ல முயன்றார். நாக்குத் தடித்து முதல் எழுத்தோடு நின்றது.

"பேசாதீங்க. மூச்ச விடுங்க. விடுங்க. வாங்குங்க. விடுங்க." அவளே அவருக்காக மூச்சு விட்டுக் காட்டிக்கொண்டு வந்தாள். சந்தை தாண்டியது. பாலம் தாண்டியது. ஆஸ்பத்திரி வாசல் மரங்கள் தெரிந்தபோது, தான் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பது அவளுக்குப் புரிந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. ஸ்ட்ரெச்சரில் மாற்றிக்கொண்டு உள்ளே ஓடிய பிறகும், வாசலில் நின்று, வாங்கி, விட்டுக்கொண்டே இருந்தாள்.

அறுவை டாக்டர் வெளியே வந்து, பிழைக்க வைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் அவர்களோடேயே நின்றார்.

"நான் சொன்னதுக்குத்தான் சிரிச்சான்" என்றாள் நாத்தனார். அது கேள்வி மாதிரியும் இல்லை, பதில் மாதிரியும் இல்லை.

"சிரிச்சதால இல்லம்மா" என்றார் டாக்டர். "சுவர் அவ்வளவு மெலிஞ்சு போயிருந்துச்சு. தூங்கும்போது திரும்பிப் படுத்தாக்கூட ஆகியிருக்கும்."

நாத்தனார் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும், ஆட்கள் வந்து போன நாட்களிலும், பிறகும் அவள் பேச்சு அளந்த பேச்சாகவே ஆகிவிட்டது. சோறு ஆச்சா. கதவைச் சாத்து. மழை வருது. ஒரு நாள் தம்பி மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து சொன்னாள்: "அண்ணி, இத்தன வாரமா அவரு பயத்துலயே இருந்தாரு. கடைசியா அவருக்கு நல்லது பண்ணினது நீங்க ஒருத்தர்தான்."

நாத்தனார் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "மனசறிஞ்சுதான் சொல்றியா?"

"மனசறிஞ்சு."

"அந்தக் கறிக்கடைக்காரனும் நல்லதுதாம்மா பண்ணினான்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

 

அடுத்த வருஷமும் மூன்று பேரும் ஸ்கேனுக்குப் போய்ப் படுத்து எழுந்து வந்தார்கள். ஒன்றும் இல்லை. அன்றைக்கு நிலையத்தில் மேடத்திடம் அவள் கேட்டாள்: "அவரு வேலை செஞ்ச எடத்த நான் பார்த்ததே இல்ல மேடம். ஒரு தடவ காட்டுவீங்களா?"

மேடம் தயங்கினார். பிறகு ரப்பர் செருப்பும் கையுறையும் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனார். பாதை புல்லுக்குள் ஏறியது. ஒவ்வொரு அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். புல் நுனி முழங்காலில் பட்டால் கூட உடம்பு கூசியது. இந்தப் பச்சைக்குள் எங்கே எவ்வளவு கொட்டிக் கிடக்கிறதோ என்று எச்சிலை விழுங்கக் கூடப் பயந்தாள். கீழே நிலையத்துக் கூரை சின்னதாகத் தெரிந்தது.

ஓர் இடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. நடுவில் தட்டையாக ஒரு கல்.

"நரி போற வழி" என்றார் மேடம். "இந்தக் கல்லு மட்டும் காலியா இருந்ததே இல்ல. நாம எடுத்துட்டுப் போனா மறுநாள் புதுசா வச்சிருக்கும். அவரு முதல் முதலா எச்சம் எடுத்ததும் இங்கதான்."

அவள் மூக்கையும் வாயையும் முந்தானையால் இறுக்கி மூடிக்கொண்டு, தள்ளி நின்றபடியே எட்டிப் பார்த்தாள். கல்லின் மேல் கறுப்பாக, முறுக்கிய கயிறு மாதிரி, உள்ளே சாம்பல் நிற முடியும் ஒரு வண்டின் சிறகும் தெரிய, பனி ஈரம் காயாமல் இருந்தது.